ஆணையிட்டவரும் நிறைவேற்றியவரும்

'சுவாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க மாட்டான்' என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கோயிலைப் பற்றிப் பிறந்த சொல்லாயினும், நம் மக்கள் இதனைப் பெரிதும் எடுத்தாள்வது அரசு அலுவலகங்களைப் பற்றிப் பேசும்போதுதான். மேலிடத்தில் ஆணை பிறந்துவிட்டது. ஆயினும் அது நம் கைக்கு வந்து சேரவில்லை. இடையிலே ஒருவர் இருக்கிறார். அவருடைய மேசையைக் கடந்துதான் ஆணை நம்மை அடைய வேண்டும்.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஆணையிட்டவர்களின் வரலாறாகவே அமைந்துவிட்டன. மன்னர்கள், ஆளுநர்கள், அமைச்சர்கள் ஆகியோரின் பெயர்களை நாம் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்கிறோம். ஆனால் சிற்றூரில் வாழ்ந்த உழவர் தம் வாழ்நாளில் ஆளுநரைக் கண்டதில்லை. மாவட்ட ஆட்சியரைக் கண்டதும் அரிது. அவர் கண்டது கணக்குப்பிள்ளையை, மணியகாரரை, தாலுகா கச்சேரியின் சேவகரை. அவரைப் பொறுத்தவரை அரசு என்பதே அந்த மூவரின் முகந்தான். அம்முகம் கனிந்திருந்தால் அரசு நல்லது. கடுத்திருந்தால் அரசு கொடியது.

எனவே, கீழ்நிலை அலுவலரின் வரலாறு எளியவர்கள் கண்ட அரசின் வரலாறாகும். தமிழகத்தின் வருவாய்த் துறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வரலாற்றின் சில ஏடுகளை இங்கே புரட்டிப் பார்ப்போம். அநீதி நேரும்போது பொறுப்பு ஆணையிட்டவருடையதா, நிறைவேற்றியவருடையதா? இவ்வொரு கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பெயர் பொறித்த செப்பேடுகள்

சோழர் காலத்தில் மன்னர் வாய்மொழியாகச் சொன்ன ஆணை ஊரைச் சென்று சேர்வதற்குள் பல கைகளைக் கடந்தது. முதலாம் இராசராசன் தம் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடையாக அளித்தார். அதனைப் பதிவு செய்த செப்பேடுகள் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை. அவற்றில் மன்னரின் கொடை மட்டும் பேசப்படவில்லை. ஆணையை ஓலையில் எழுதியவர், அதனைச் சரிபார்த்தவர், வரிக் கணக்கில் பதிவு செய்தவர் என்று அலுவலர்களின் நீண்ட பெயர் வரிசையும் இடம்பெற்றிருக்கிறது. ஓலைநாயகம், புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி முதலிய பதவிப் பெயர்களை அக்காலச் சாசனங்கள் நமக்கு அறிமுகப்படுத்துகின்றன.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ் பெற்றவை. அவற்றின் மற்றொரு விதியை நாம் அத்துணை நினைவில் கொள்வதில்லை. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாது விட்டவர் மீண்டும் தேர்வு பெற இயலாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தகுதி இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்தச் சமூகத்தில் ஏற்றத்தாழ்வுகள் பல இருந்தன. அதனைப் பொற்காலம் என்று போற்றுவது நம் நோக்கமன்று. ஆயினும் இரண்டு நெறிகள் அங்கே தெளிவாகப் புலனாகின்றன. ஆணையைத் தாங்கிச் சென்றவரின் பெயர் எழுதப்பட்டது. பொதுப்பணி செய்தவரிடம் கணக்குக் கேட்கப்பட்டது. பெயரும் கணக்கும் இல்லாத இடத்தில் பொறுப்பு என்பதும் இல்லாது போகும்.

கும்பினியின் கண்களும் கைகளும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி தமிழகத்தின் பெரும்பகுதியைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் பகுதி அதன் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் அங்கே நில அளவை செய்து வரி விதிக்கத் தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்ததே ரயத்துவாரி முறை. இதன்படி இடைத்தரகரான ஜமீன்தார் இல்லை; ஒவ்வோர் உழவரும் அரசுக்கு நேரடியாக வரி செலுத்த வேண்டும்.

கேட்பதற்கு இம்முறை எளிமையாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வயலும் அளக்கப்பட வேண்டும். ஒவ்வொரு குடியின் சாகுபடியும் ஆண்டுதோறும் எழுதப்பட வேண்டும். ஜமாபந்தியின்போது அவரவர் கிஸ்து தீர்மானிக்கப்பட வேண்டும். இத்தனை பணிக்கும் ஒரு மாவட்டத்தில் இருந்த ஐரோப்பிய அலுவலர்களோ ஒரு சிலரே. அவர்களில் பலருக்கு மக்கள் பேசிய மொழி சரிவரத் தெரியாது. ஆகவே ஆட்சியரின் கச்சேரியில் சிரஸ்தார், தாலுகாவில் தாசில்தார், ஊரில் கணக்குப்பிள்ளையும் மணியகாரரும், அவர்களுக்குக் கீழே தலையாரி, வெட்டியான், நீர்க்கண்டி என்று நெடிய ஏணி ஒன்று எழுந்தது. சிட்டாவிலும் அடங்கலிலும் கணக்குப்பிள்ளை எழுதியதையே தாசில்தார் அறிந்தார். தாசில்தார் தெரிவித்ததையே ஆட்சியர் அறிந்தார். 1871இல் சென்னை மாகாணத்தில் முதல் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றபோதும், ஊரூராக மனிதரை எண்ணி எழுதும் பணி இந்தக் கணக்குப்பிள்ளைகளின் தோளில்தான் விழுந்தது.

மேலிருப்பவர் கண் மூடினால் கீழே என்ன நடக்கும் என்பது விரைவிலேயே வெளிப்பட்டது. கோயம்புத்தூர் மாவட்டக் கருவூலப் பொறுப்பிலிருந்த காசிச் செட்டி, ஆட்சியரின் முழு நம்பிக்கையைப் பெற்றிருந்தவர். அவர் செய்த பெரும் கையாடல்களை விசாரிக்கும் பொறுப்பு 1815-16இல் மன்றோவிடமும் ஜான் சல்லிவனிடமும் வந்தது. இந்தியர்களுக்கு அற்பச் சம்பளம் தந்து, உயர் பதவிகளையும் அடைத்துவிட்டு, அவர்களிடம் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது தகாது என்று மன்றோ பின்னாளில் ஆளுநராக இருந்தபோது வலியுறுத்தினார்.

ஆனால் அதே மன்றோவின் முயற்சியால் 1816இல் இயற்றப்பட்ட சட்டங்கள் காவல் அதிகாரத்தை வருவாய்த் துறையுடன் இணைத்தன. வரி வசூலிப்பவரே காவலுக்கும் தலைவரானார். கிஸ்து கேட்டு வருபவரும், குற்றம் விசாரிக்க வருபவரும் ஒருவரே என்றால், உழவர் யாரிடம் சென்று முறையிடுவார்?

1855ஆம் ஆண்டின் அறிக்கை

இக்கேள்விக்கு விடை கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. காசுலு லட்சுமிநரசு செட்டி 1852இல் தோற்றுவித்த சென்னை சுதேசி சங்கம், மாகாணத்து மக்களின் குறைகளை இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பமாக அனுப்பியது. வரி வசூலுக்காகச் சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடைபெறுகிறது என்னும் குற்றச்சாட்டு 1854 ஜூலையில் அந்நாட்டு மக்களவையில் எழுப்பப்பட்டது. மறுக்கவும் இயலாமல் மறைக்கவும் இயலாமல், சென்னை அரசு எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தது.

முறையிட விரும்புவோர் வரலாம் என்று அறிவிப்பு வெளியாயிற்று. காலம் மூன்று மாதம் மட்டுமே. தொலைதூர ஊர்களிலிருந்து மக்கள் நடந்தே சென்னைக்கு வந்தனர். வர இயலாதோர் மடல் எழுதினர். ஆணையத்திற்கு வந்து சேர்ந்த முறையீடுகள் 1,959.

அவை சொன்ன செய்திகள் நெஞ்சை நடுங்கச் செய்பவை. கிட்டி என்பது இரண்டு மரக்கட்டைகளாலான கருவி. இடையிலே கைவிரல்களை வைத்து நெரிப்பார்கள். அண்ணாந்தாள் என்பது மனிதரை வளைத்துக் கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணித்து, நிமிர இயலாதபடி நிறுத்துவது. சில வேளைகளில் முதுகின்மேல் கல்லையும் ஏற்றுவார்கள். கொளுத்தும் வெயிலில் நாளெல்லாம் நிறுத்துவதும், உணவின்றி அடைத்து வைப்பதும் உண்டு. கொலை கொள்ளை செய்தவர்களுக்கு மட்டுமன்று, சில ரூபாய் வரி பாக்கி வைத்தவர்களுக்கும் இவை நேர்ந்தன.

முறையிடும் வழி எவ்வாறு அடைபட்டிருந்தது என்பதையும் அறிக்கை விளக்கியது. ஆட்சியர் இருக்கும் ஊர் தொலைவு. போய்வர ஆகும் செலவும் இழக்கும் கூலியும் ஏழைக்குப் பெரும் சுமை. மனு அனுப்பினாலோ, தாசில்தாரிடம் முறையிடுமாறு மேலொப்பம் எழுதி அது திருப்பி அனுப்பப்படும். எவர்மேல் குற்றம் சாட்டப்பட்டதோ அவரிடமே முறையீடு வந்து சேரும். அடுத்த அறுவடைக் காலத்தில் அந்த உழவரின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

சித்திரவதை நடந்தது உண்மை என்று ஆணையம் ஒப்புக்கொண்டது. இதற்காக நாம் அதனைப் பாராட்டவே வேண்டும். ஆனால் பழியை யார்மேல் சுமத்தியது? இந்தியக் கீழ்நிலை அலுவலர்கள்மேல். ஐரோப்பிய அதிகாரிகள் இதற்கு உடந்தையாக இருந்தனர் என்பதை அது ஏற்கவில்லை. தம் நாட்டவராகிய அலுவலரின் கொடுமையிலிருந்து காப்பாற்றுமாறே மக்கள் வேண்டுகின்றனர் என்று எழுதியது. அந்த அறிக்கையின் சான்றுகளை 1857இல் எடுத்தாண்ட கார்ல் மார்க்சு, அதே சான்றுகளே மேலதிகாரிகளின் பொறுப்பையும் காட்டிக் கொடுக்கின்றன என்று நியூயார்க் இதழொன்றில் வாதிட்டார்.

நாம் எப்பக்கமும் சாராமல் சிந்திப்போம். வரியின் அளவைத் தீர்மானித்தது மேலிடம். பருவமழை பொய்த்த ஆண்டிலும் கிஸ்து குறைந்தபாடில்லை. வசூலான தொகையைக் கொண்டே ஆட்சியரின் திறமை அளக்கப்பட்டது. ஆட்சியர் அதே கோலால் தாசில்தாரை அளந்தார். தாசில்தார் சேவகரை அளந்தார். கிட்டி போடு என்று எந்த ஆணையிலும் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 'எப்படியாவது வசூல் செய்' என்னும் சொல்லே போதுமானதாயிற்று. அந்த 'எப்படியாவது' ஏணிப்படிகளில் இறங்கி இறங்கி, கடைசிப் படியில் கிட்டியாக உருவெடுத்தது. மேற்படியில் இருந்தவர்கள் கைகழுவிக்கொண்டனர்.

எனினும் கீழ்ப்படியில் இருந்தவரை நாம் விடுவித்துவிட இயலாது. கிட்டியை நெரித்த கை, அதே ஊரைச் சேர்ந்தவரின் கை. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை ஆட்சியர் அறியார், அவர் அறிவார். அறிந்தும் நெரித்தார் என்றால், ஆணையைக் காரணம் காட்டி அவர் தப்பிக்க முடியாது. ஆணை அவருடைய சம்பளத்திற்குச் சொந்தமாக இருக்கலாம், மனச்சான்றுக்குச் சொந்தமன்று.

அறிக்கையின் பயனாகச் சில நன்மைகள் விளைந்தன. 1859ஆம் ஆண்டின் காவல்துறைச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் காவல்பணி வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. வரி பாக்கியை எவ்வகையில் வசூலிக்கலாம் என்பதற்கு 1864இல் தனிச் சட்டம் வகுக்கப்பட்டது. மனிதர் மாறுவதற்குக் காத்திராமல், அமைப்பை மாற்றினால் கொடுமை குறையும் என்பதற்கு இது சான்று.

கணக்கும் கணக்கனும்

'கணக்கன் கணக்கைத் தின்னாவிடில், கணக்கனைக் கணக்குத் தின்றுவிடும்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கசப்பான உண்மை. பதினைந்து வயதுகூட நிறையாத ஏழைச் சிறுவன் ஒருவன் தஞ்சை மாவட்டத்தில் கணக்குப்பிள்ளைக்குத் துணையாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்துவேலை பார்த்தான். திருவாரூர்த் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் அவனுடைய அறிவைக் கண்டு வியந்து, அவன் கல்வி கற்க வழிசெய்தார். அச்சிறுவனே பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயர். அந்த ஒரு ரூபாய்ச் சம்பளத்தைப் போலவே, ஒரு தாசில்தாரின் கண்களுக்கு இருந்த ஆற்றலும் இங்கே நினைக்கத்தக்கது. தம்மிடம் பணிசெய்யும் சிறுவனை அவர் கருவியாகக் காணவில்லை; மனிதனாகக் கண்டார்.

அடிநிலையில் நேர்மைக்கு இடமுண்டு என்பதற்கு நாம் நன்கறிந்த மற்றொரு சான்று மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணி தொடங்கி, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1857இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். பின்னர்ச் சீர்காழியிலும், நெடுங்காலம் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார். மாவட்ட முன்சீப் என்பது நீதித்துறையின் கீழ்ப்படிகளுள் ஒன்று. அவருக்கு மேலே மாவட்ட நீதிபதியும் அவருக்கும் மேலே உயர்நீதிமன்றமும் இருந்தன. சட்டத்தை இயற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இல்லாத அதிகாரத்தை எண்ணி அவர் ஏங்கவில்லை. இருந்த இடத்தில் செய்யக்கூடியதைச் செய்தார். வழக்காடும் மக்களுக்கு நீதிமன்றத்தின் மொழி விளங்காதிருப்பதைக் கண்டு, உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலாக 1862இல் வெளியிட்டார். நீதிமன்றங்களில் தமிழே வழங்க வேண்டும் என்று தம் 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலும் வாதாடினார். 1859இல் வெளியான 'நீதிநூ'லில் கைக்கூலி வாங்குவோரைக் கடிந்து பாடினார். அவர் அமர்ந்திருந்த துறையின் அழுக்கையே அவர் பாடினார் என்பது கருதத்தக்கது. 1876-78 ஆண்டுகளின் கொடிய பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு பசித்தோர்க்கு உணவளித்தார். சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது கோவை பாடினார். 'நந்தன் சரித்திரம்' தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய பஞ்சகால அறத்தைப் புகழ்ந்து பாடினார். பதவியின் உயரத்திற்காக யாரும் அவரைப் பாடவில்லை.

பரம்பரையிலிருந்து தேர்வுக்கு

ஊர்க் கணக்கு வேலை நெடுங்காலம் பரம்பரைச் சொத்தாகவே இருந்தது. 1895ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உறுதியும் செய்தது. தந்தைக்குப் பின் மகன். அவருக்குப் பின் பேரன். ஊரின் நிலம் யாருடையது என்று எழுதும் எழுதுகோல் சில குடும்பங்களிலேயே தங்கிவிட்டது. அக்குடும்பங்கள் பெரும்பாலும் ஊரின் மேற்சாதிகளைச் சேர்ந்தவை. வெட்டியான் வேலையும் பரம்பரைதான். ஆனால் அது ஒடுக்கப்பட்ட மக்களின் தலையில் கட்டப்பட்ட பரம்பரை. ஒரே கச்சேரியில் ஒருவருக்குப் பரம்பரை என்பது உரிமையாகவும் மற்றவருக்கு விலங்காகவும் இருந்தது.

விடுதலைக்குப்பின், பிறப்பைக் கொண்டு கிராமப் பதவி வழங்குவது அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் ஆந்திர மாநில வழக்கொன்றில் 1960இல் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டம் ஒன்றால் கர்ணம், முன்சீப் முதலிய பகுதிநேரக் கிராமப் பதவிகளை ஒழித்தது. அதனையடுத்து வந்த 1981ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்சநீதிமன்றம் 1982இல் செல்லும் என்றது. அவர்களுடைய இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தேர்வெழுதி எக்குலத்தவரும் அப்பணிக்கு வரலாம், பெண்களும் வரலாம். தலையாரி, வெட்டியான் முதலியோர் கிராம உதவியாளர் என்னும் முழுநேரப் பணியாளராக 1995இல் ஏற்கப்பட்டனர். அமைதியாக நடந்தேறிய பெரும் சமூக மாற்றம் இது. தன் பாட்டனார் வாசலிலே நின்ற அலுவலகத்தில், பேத்தி நாற்காலியில் அமர்ந்து கையொப்பமிடும் நிலை பிறந்தது.

இதனால் எல்லாம் சீராகிவிட்டதா? பட்டா மாறுதலுக்கும் சான்றிதழுக்கும் கையூட்டுக் கேட்டுப் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் ஓய்ந்தபாடில்லை. அதே வேளையில் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். 2023 ஏப்ரல் 25 அன்று, தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், தாமிரபரணி ஆற்று மணற்கடத்தலைப் பற்றிக் காவல்துறையில் புகார் அளித்திருந்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், பணியிலிருந்தபோது தம் அலுவலகத்திலேயே வெட்டப்பட்டு உயிரிழந்தார். ஆற்றைக் காக்க வேண்டும் என்னும் சட்டம் தலைநகரில் எழுதப்படுகிறது. அதற்காகக் கத்தியை எதிர்கொள்பவர் ஏணியின் கடைசிப் படியில் தனியே நிற்பவர். ஆணை தீயதாக இருந்த காலத்தில் பழி அவர்மேல் விழுந்தது. ஆணை நல்லதாக இருக்கும் காலத்தில் ஆபத்து அவர்மேல் விழுகிறது.

நாம் செய்யத்தக்கது

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பொறுப்பு ஆணையிட்டவருடையதா, நிறைவேற்றியவருடையதா? இருவருடையதும் என்பதே வரலாறு தரும் விடை. ஒருவருடைய பொறுப்பைச் சொல்லி மற்றவருடைய பொறுப்பைக் குறைக்க இயலாது. இழைக்க முடியாத இலக்கை விதித்துவிட்டு, வழியைக் கேளாதிருக்கும் மேலதிகாரி, கீழே நிகழும் கொடுமையின் ஆசிரியராகிறார். 'நான் வெறும் ஊழியன்' என்று சொல்லும் கீழ்நிலை அலுவலர், தம் கையால்தான் அது நடந்தது என்பதை மறக்கிறார்.

நம் குடும்பங்களில் அரசுப் பணியாற்றுவோர் பலர் உள்ளனர். எழுத்தராக, அலுவலக உதவியாளராக, காவலராக, செவிலியராக அவர்கள் பணியாற்றுகின்றனர். தம் பதவி சிறிது என்று எண்ணி அவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். ஓர் ஏழை மூதாட்டிக்கு ஓய்வூதியம் இம்மாதம் கிடைக்குமா, அடுத்த மாதமா என்பதை முதலமைச்சர் தீர்மானிப்பதில்லை. அந்தச் சிறிய மேசைதான் தீர்மானிக்கிறது. பணியாளர் அல்லாத நமக்கும் ஒரு கடமை உண்டு. வாங்கும் கை இருக்கும் இடத்தில் நீட்டும் கையும் இருக்கிறது. நேர்மையாக நிற்கும் ஓர் அலுவலர் மிரட்டப்படும்போது, அவர் தனியே நிற்கும்படி விட்டுவிடும் ஊரும் அந்த மிரட்டலில் பங்கு பெறுகிறது.

இன்று தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. 2005 முதல் கோப்பின் நிலையைக் கேட்டறியும் உரிமை எளியவருக்கும் உண்டு. 1855இல் சென்னைக்கு நடந்து வந்த அந்த மக்களுக்கு அந்த உரிமை இருந்ததில்லை. கால்கள் நோக அவர்கள் நடந்ததனால்தான் அடுத்த தலைமுறையின் விரல்கள் கிட்டியிலிருந்து தப்பின. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. கணக்குக் கேட்பதும், கணக்குச் சொல்ல அஞ்சாதிருப்பதும் அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.